மூக்குத்தி அழியாமல் பழைய படத்தைத் திருத்த: காசில்லாத மென்பொருள்கள், படிப்படியாக

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் நான் போய்வருகிற வீடுகளில் பாதிக்கு மேல், கூடத்துச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்கும். கோட்டு போட்ட தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பாட்டி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். 1960களில் நகரின் வேறு பகுதிகளான மேகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் குடும்பங்களைப் பெயர்த்து இங்கே குடிவைத்தபோது, பாத்திரம் பண்டத்தோடு மூட்டையில் வந்த படங்கள் அவை. டர்பன் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்து, ஓரத்தை இராமபாணப் பூச்சி அரித்து, கண்ணாடிக்குள்ளேயே மங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையில்தான் நிறையப் பேர் என்னிடம் வந்து, "எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள்.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். அக்கம்பக்கத்தாருக்கு இந்த வேலையைப் பல வருடமாகச் செய்து கொடுக்கிறேன். ஆரம்பத்தில் ஏமாந்த ஒரு தடவையைத் தவிர, மென்பொருளுக்கென்று ஒரு ராண்ட்கூடச் செலவழித்ததில்லை. காசு போனதெல்லாம் ஸ்கேனருக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும்தான். படத்திருத்தத்தில் இதுவரை கைவைக்காதவர்களுக்காக, எங்கே தொடங்குவது, எதை இறக்குவது, முதல் படத்தை எப்படித் திருத்துவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வேலையைப் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து, போன மாதம் எந்தெந்தப் படத்துக்கு என்ன செய்ய நினைத்தீர்கள் என்று எழுதுங்கள். பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும். கைப்பேசியில் எடுத்த படத்தை வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது. விண்ணப்பத்துக்காகப் படத்தின் அளவைக் குறைப்பது. பிறந்தநாள் வாழ்த்து, கோயில் கஞ்சிப் பூசை அறிவிப்பு என்று படத்தின் மேல் தமிழில் எழுதுவது. கடைசியாகப் பழைய படத்தைச் செப்பனிடுவது.

முதல் வேலைக்கு நீங்கள் புதிதாக எதையும் இறக்க வேண்டியதே இல்லை. விண்டோஸில் இருக்கும் ஃபோட்டோஸ் செயலியும், ஆப்பிள் கணினியில் இருக்கும் ஃபோட்டோஸும் வெட்டும், நிமிர்த்தும், வெளிச்சம் திருத்தும். கைப்பேசியில் என்றால் கூகுளின் ஸ்னாப்சீட் போதும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இலவசம், விளம்பரம் கிடையாது. சாய்ந்த கோபுரத்தை நேராக்கவும் முகத்தின் மேல் விழுந்த நிழலைக் குறைக்கவும் அதைவிட எளிய கருவியை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வேலை சின்னது, ஆனால் ஆளை அலைக்கழிக்கும். ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் சதுரப் படத்தைக் குறிப்பிட்ட அளவுக்குள் ஏற்ற வேண்டும், படம் பெரிதாக இருந்தால் பக்கம் ஏற்காது. இதற்கு விண்டோஸில் இர்ஃபான்வியூ என்று ஒன்று இருக்கிறது. 1996 முதல் வந்துகொண்டிருக்கும் மிகச் சிறிய நிரல், வீட்டு உபயோகத்துக்கு இலவசம். படத்தைத் திறந்து கன்ட்ரோலோடு ஆர் எழுத்தைத் தட்டினால் அளவு மாற்றும் பெட்டி வரும். நூறு படத்தை ஒரே மூச்சில் சிறிதாக்க வேண்டுமானால் பி (B) எழுத்தைத் தட்டுங்கள். திருமணப் படங்களைச் சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்புமுன் நான் செய்வது இதைத்தான்.

மூன்றாவதும் நான்காவதும்தான் உண்மையில் மென்பொருள் கேட்கும் வேலைகள்.

ராண்ட் கணக்கு

இங்கே விலையைப் பார்க்கும்போது மென்பொருளின் விலையை மட்டும் பார்த்தால் கணக்குத் தப்பும். பெரிய நிறுவனங்கள் பல டாலரை வைத்தே விலை போடுகின்றன. ராண்ட் சரிந்தால் அடுத்த மாதம் உங்கள் கட்டணமும் ஏறலாம். வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக விற்கும் மென்பொருளுக்கும் இங்கே 15 சதவீதம் வாட் உண்டு. மாதச் சந்தா 200 ராண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கச் சின்னத் தொகைதான். 3 வருடத்துக்குப் பெருக்கினால் 7,200 ராண்ட். அந்தப் பணத்துக்கு ஸ்கேனரும் வெளி ஹார்டு டிஸ்க்கும் வாங்கலாம். சந்தாவை நிறுத்தினால் மென்பொருளும் போய்விடும், ஸ்கேனர் வீட்டிலேயே இருக்கும்.

ஃபோட்டோஷாப் 1990இல் வந்தது. 2013இலிருந்து அதன் புதிய பதிப்புகள் சந்தா முறையில்தான் கிடைக்கின்றன. "ஒரே தடவை வாங்கினால் போதும்" என்று பலரும் நினைக்கும் ஃபோட்டோஷாப் எலிமெண்ட்ஸும் இப்போது அப்படி இல்லை. 2025 பதிப்பிலிருந்து அது 3 வருட உரிமம்தான். பழைய நினைப்பில் யாராவது சொன்னால் இதை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் கட்டும் வருட ஒப்பந்தம் என்று ஒரு வகை உண்டு, நடுவில் நிறுத்தினால் அபராதம் கேட்பார்கள். அந்தச் சின்ன எழுத்தைப் படிக்காமல் அட்டை எண்ணைத் தட்டாதீர்கள்.

டேட்டாவும் செலவுதான். கிம்ப் போன்ற இலவசப் படத்திருத்த மென்பொருளை இறக்கச் சில நூறு எம்பி போய்விடும். வீட்டில் ஃபைபர் இல்லாதவர்கள், கைப்பேசி நிறுவனம் நள்ளிரவுக்கு மேல் மலிவாகத் தரும் இரவு டேட்டாவில் இறக்கலாம். பக்கத்து நூலகத்தில் வைஃபை இருந்தால் மடிக்கணினியை அங்கே தூக்கிப் போங்கள். ஒரு வீட்டில் இறக்கிய இலவச மென்பொருளை பென்டிரைவில் நாலு வீட்டுக்குக் கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. கிம்ப்பின் உரிமமே அதை அனுமதிக்கிறது.

நான் கைகாட்டும் மென்பொருள்கள்

கிம்ப்தான் முதலில். 1995இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர், ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும், தொடங்கிய வேலை. இன்றைக்குத் தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய அலுவலக மடிக்கணினி போதும். முதல் நாள் திறந்தால் மிரட்டும் என்பது உண்மைதான். பொத்தான்கள் கொத்துக்கொத்தாக இருக்கும். ஆனால் பழைய படத்தைச் செப்பனிட அதில் ஆறேழு கருவிகள்தான் வேண்டும், அவற்றைக் கீழே சொல்கிறேன்.

எனக்குக் கிம்ப் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணம் தமிழ். எந்த மென்பொருளையும் நம்பி உட்காருவதற்கு முன் அதில் "பொங்கல்" என்று தட்டிப் பாருங்கள். ஒற்றைக் கொம்பு 'ப'வுக்கு முன்னால் ஒழுங்காக நின்றால் சரி. கொம்பு இடம் மாறி நின்றாலோ, புள்ளி வட்டத்தோடு தனியாகத் தொங்கினாலோ அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தை அடுக்கத் தெரியவில்லை என்று பொருள். கிம்ப்பில் யூனிகோடு தமிழ் பிசகாமல் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவை இலவசமாக நிறுவிக்கொள்ளுங்கள். ஃபோட்டோஷாப்பில் இதே சிக்கல் வந்து, அமைப்பில் ஒரு இடத்தை மாற்றியபிறகு சரியானவர்கள் உண்டு. அஃபினிட்டி என்ற இன்னொரு மென்பொருளின் முந்தைய பதிப்புகளில் நம் எழுத்து உடைந்தே வரும்.

அந்த அஃபினிட்டியையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஒரே தடவைக் காசு கட்டி வாங்கியது. 2024இல் கான்வா நிறுவனம் அதை வாங்கியது, 2025 அக்டோபரிலிருந்து கான்வா கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இலவசம். ஏஐ வசதிகளுக்கு மட்டும் சந்தா. தொழில்முறைக் கருவிகள் எல்லாம் இருக்கின்றன, தோற்றமும் கிம்ப்பைவிடப் பழகுவதற்கு இதமாக இருக்கும். பொங்கல் சோதனையை மட்டும் நீங்களே செய்து பாருங்கள்.

கணினியில் எதையும் நிறுவ முடியாதவர்களுக்கு ஃபோட்டோபியா. உலாவியிலேயே திறக்கும், பக்கவாட்டில் விளம்பரம் ஓடும், அவ்வளவுதான். இவான் குட்ஸ்கிர் என்ற ஒரே நிரலாளரின் உழைப்பு அது. உங்கள் படம் அவர் சர்வருக்குப் போகாது, உங்கள் கணினிக்குள்ளேயே வேலை நடக்கும். யாராவது பி.எஸ்.டி என்ற ஃபோட்டோஷாப் கோப்பு அனுப்பிவிட்டால் அதைத் திறக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. டேட்டாவும் குறைவாகவே குடிக்கும்.

விண்டோஸ் மட்டும் வைத்திருந்து, கிம்ப்பைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்பவர்கள் பெயிண்ட் டாட் நெட் பாருங்கள். அதன் சொந்தத் தளத்தில் இலவசம். மைக்ரோசாஃப்ட் கடையில் அதே பொருளுக்குக் காசு, கவனம். நல்ல கேமராவில் ரா கோப்பாக எடுப்பவர்களுக்கு டார்க்டேபிள், ராதெரபி என்று இரண்டு இருக்கின்றன. புதியவர்களுக்கு அவை இப்போது தேவையில்லை.

இறக்கும்போது ஏமாறாதீர்கள்

நான் ஏமாந்த கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். இங்கே வந்த புதிதில், ஒரு கடையில் விலையுயர்ந்த மென்பொருளின் "முழுப் பதிப்பு" என்று சொல்லி ஒரு பென்டிரைவ் விற்றார்கள். வைரஸ் தடுப்பானை நிறுத்திவிட்டு நிறுவச் சொன்னார்கள், நிறுத்தினேன். ஒரு வாரம் ஒழுங்காகத்தான் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கணினியைத் திறந்தால், எல்லாப் படங்களின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு படமும் திறக்கவில்லை. பணம் கட்டினால் திறப்போம் என்று திரையில் ஒரு கடிதம். என் மகளின் காதுகுத்துப் படங்கள் அதில் இருந்தன. நகல் வைத்திருக்கவில்லை. அவற்றில் அம்மாவின் கைப்பேசியில் இருந்த ஏழு படங்கள் மட்டும்தான் இன்றைக்கு எங்களிடம் இருக்கின்றன.

ஆகையால் திருட்டுப் பதிப்பு வேண்டாம். வைரஸ் தடுப்பானை நிறுத்தச் சொல்லும் எந்த நிரலும் வேண்டாம். இலவச மென்பொருளிலும் கவனம் தேவை. கூகுளில் பெயரைத் தட்டினால் மேலே வருவது பல சமயம் விளம்பரம். 2022இல் கிம்ப்பின் தளம் போலவே ஒரு போலித் தளம் செய்து, கூகுள் விளம்பரம் வழியாக ஆட்களை இழுத்து, கடவுச்சொல் திருடும் நிரலை இறக்கவைத்தார்கள். விளம்பரத்தைத் தாண்டிக் கீழே வாருங்கள், முகவரி கிம்ப் டாட் ஆர்க் (gimp.org) என்று இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள், அப்புறம் இறக்குங்கள்.

படத்தைக் கணினிக்குள் கொண்டுவருதல்

திருத்தத்தின் தரம் பாதிக்கு மேல் இங்கேயே முடிவாகிவிடும். மோசமாக ஸ்கேன் செய்த படத்தை எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது.

சட்டத்துக்குள் இருக்கும் படத்தை வெளியே எடுக்குமுன், அது கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். 1970, 80களின் பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை, மெழுகு பூசாத பல் நூலை அடியில் கொடுத்து மெதுவாக அறுத்து எடுக்கலாம். அவசரப்பட்டால் மூலை கிழியும்.

போஸ்ட்கார்டு அளவு வரைக்கும் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்து ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டாம்பு அளவுப் படமானால் 1200. கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்ய வேண்டும், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஸ்கேனரின் தானியங்கித் திருத்தங்களை நிறுத்திவிடுங்கள். கோப்பு டிஃப் வடிவில் இருக்கட்டும். 6க்கு 4 அங்குலப் படம் 600 டிபிஐயில் 3600க்கு 2400 புள்ளிகள், டிஃப் கோப்பாக ஏறக்குறைய 26 எம்பி வரும். பெரியதுதான், ஆனால் ஜேபெக் ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக விவரத்தைத் தின்னும்.

ஸ்கேனர் இல்லாதவர்கள் கைப்பேசியிலேயே எடுக்கலாம். காலை வெளிச்சம் நேராக விழாத ஜன்னலோரம் மேசை போட்டு, படத்தைத் தட்டையாக வைத்து, கைப்பேசியை அதற்கு நேர் மேலே கிடைமட்டமாகப் பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கூகுளின் ஃபோட்டோஸ்கேன் செயலி ஒரே படத்தைப் பல கோணத்தில் எடுத்துப் பளபளப்பை நீக்கித் தரும். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிக் கணினிக்குக் கொண்டுவராதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமெண்ட் என்று இணைத்து அனுப்புங்கள், அல்லது கேபிள் போடுங்கள்.

ஒரு படத்தைத் திருத்திப் பார்ப்போம்

பக்கத்துத் தெருப் பெரியம்மா ஒருவர் தன் மாமியாரின் படத்தைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அளவுதான். நடுவில் மடித்த கோடு, வலது கன்னத்தின் மேல் மஞ்சள் கறை, நெடுகப் பூஞ்சைப் புள்ளிகள். அதை வைத்தே சொல்கிறேன், நீங்களும் உங்கள் படத்தைத் திறந்துகொள்ளுங்கள்.

கிம்ப்பில் டிஃப் கோப்பைத் திறந்ததும், முதல் வேலையாக கன்ட்ரோல், ஷிஃப்ட், டி (D) மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். லேயர் (ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் தாள் மாதிரி) ஒன்று நகலாகும். இனி எல்லா வேலையும் நகலின் மேல். அடியில் இருக்கும் அசலைத் தொடாதீர்கள். நகலின் கண் பொத்தானை மூடித் திறந்து, முன்னே எப்படி இருந்தது என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது மஞ்சள் கறை. வண்ணத்தில் ஸ்கேன் செய்யச் சொன்னேன் அல்லவா, அது இதற்காகத்தான். எந்த வண்ணப் படமும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்குகளால் ஆனது. மஞ்சளும் பழுப்புமான கறை நீல அடுக்கில் கறுப்பாகத் தெரியும், சிவப்பு அடுக்கில் ஏறக்குறைய மறைந்துவிடும். கலர்ஸ் மெனுவில் காம்பொனென்ட்ஸ், அதற்குள் எக்ஸ்ட்ராக்ட் காம்பொனென்ட். சிவப்பைத் தேர்ந்தெடுங்கள். பெரியம்மா கொண்டுவந்த படத்தில் கன்னத்துக் கறையில் முக்கால்வாசி இந்த ஒரு சொடுக்கிலேயே போய்விட்டது. தூரிகையை நான் இன்னும் தொடவே இல்லை. கறுப்பு வெள்ளையாகவே ஸ்கேன் செய்திருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும்.

பிறகு வெளுப்பு. கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ். ஒரு மலை மாதிரி வரைபடம் வரும், அடியில் மூன்று முக்கோணங்கள். மங்கிய படத்தில் மலை நடுவில் மட்டும் இருக்கும், இரண்டு பக்கமும் காலியாகக் கிடக்கும். இடது முக்கோணத்தை மலை தொடங்கும் இடத்துக்கும், வலது முக்கோணத்தை மலை முடியும் இடத்துக்கும் தள்ளுங்கள். மங்கல் விலகி, சேலைக் கரை மடிப்பு மடிப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். நடு முக்கோணம் முகத்தின் வெளிச்சத்துக்கு. அதைக் கொஞ்சமாக அசைத்தால் போதும்.

வண்ணப் படமாக இருந்தால், முக்கியமாக 1970, 80களில் அச்சிட்டது, செம்பருத்திச் சாறு ஊற்றினாற்போலச் சிவந்திருக்கும். அந்தக் காலத் தாளில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளுத்துப்போகும், அதனால்தான் சிவப்பு மிஞ்சுகிறது. அங்கே எக்ஸ்ட்ராக்ட் வேண்டாம். லெவல்ஸ் பெட்டியில் மேலே இருக்கும் சேனலைச் சிவப்புக்கு மாற்றி, இடது முக்கோணத்தை மலையின் அடிவாரம் வரை கொண்டுவாருங்கள். அப்படியே பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக. வானம் வானமாகவும் வேட்டி வெள்ளையாகவும் திரும்பும்.

இப்போது புள்ளிகளும் மடிப்புக் கோடும். எச் எழுத்தைத் தட்டினால் ஹீல் கருவி வரும். படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். கறைக்குப் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து, கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஒரு சொடுக்கு. அது எங்கிருந்து எடுப்பது என்று சொல்வது. பிறகு கறையின் மேல் ஒரு சொடுக்கு. தூரிகை கறையைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும், சதுர அடைப்புக்குறி விசைகளால் கூட்டிக் குறைக்கலாம். இழுக்காதீர்கள், ஒவ்வொரு புள்ளியாகத் தட்டுங்கள். ஐந்தாறு சொடுக்குக்கு ஒரு தடவை எடுக்கும் இடத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் தோலில் ஒரே மாதிரித் தடம் விழும். முகத்துக்கும் பின்னணிக்கும் நடுவில் இருக்கும் ஓரக்கோட்டில் ஹீல் கலங்கலாக்கும். அங்கே சி எழுத்தைத் தட்டி க்ளோன் கருவியை எடுங்கள், அது உள்ளதை உள்ளபடி நகலெடுக்கும்.

அன்றைக்கு நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வெள்ளைப் புள்ளிகளையெல்லாம் ஒழித்துக்கட்டினேன். முகம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. அச்செடுத்துப் பெரியம்மாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். விரலை மூக்கின் மேல் வைத்து, "மூக்குத்தி எங்க கண்ணு?" என்று கேட்டார். பூஞ்சைப் புள்ளி என்று நான் தட்டி எடுத்தவற்றில் அதுவும் ஒன்று. மாமியார் சாகும்போது தனக்குக் கழற்றிக் கொடுத்த மூக்குத்தி அது என்று அப்புறம்தான் சொன்னார், அதைத்தான் அவர் அன்றைக்கும் போட்டிருந்தார்.

அசல் லேயர் அடியில் பத்திரமாக இருந்ததால் திரும்பக் கொண்டுவர முடிந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். தூரிகையைத் தொடுமுன் படத்தைக் குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் காட்டி, எது அழியக்கூடாது என்று கேட்டுக்கொள்வேன். மூக்குத்தி, பொட்டு, கன்னத்து மச்சம், பச்சை குத்திய புள்ளிகள், அம்மைத் தழும்பு, நெற்றியில் விபூதிக் கோடு. மென்பொருளுக்கு இவையெல்லாம் கறைதான். சின்னத் தாளில் குறித்து, திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்துவிட்டே தொடங்குவேன்.

ஏஐ கருவிகளைப் பற்றியும் எனக்கு இதே கவலைதான். முகத்தைத் தெளிவாக்குகிறேன் என்று அவை புது முகத்தை வரைகின்றன. படத்தில் இல்லாத கண்ணிமையை, பல்லை, தாங்கள் பார்த்த லட்சக்கணக்கான முகங்களிலிருந்து ஊகித்து ஒட்டுகின்றன. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது உங்கள் பாட்டி இல்லை. அப்ஸ்கேல் என்ற இலவச நிரல் சுவரில் மாட்டப் படத்தைப் பெரிதாக்க உதவும். அப்படிப் பெரிதாக்கினால் கோப்பின் பெயரிலேயே "ஏஐ" என்று சேர்த்துவிடுங்கள், பேரப்பிள்ளைகள் குழம்பக்கூடாது. ஆவணங்களின் மேல் மட்டும் இதைக் கட்டாயம் ஓட்டாதீர்கள். 1860இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை இந்தியாவிலிருந்து இங்கே வந்த ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணை வைத்துத்தான் கப்பல் பட்டியலில் ஊரும் தகப்பன் பெயரும் தேடுகிறோம். மங்கிய 3ஐ ஏஐ 8 ஆக்கிவிட்டால் வேறு யாருடைய ஊருக்கோ போய் நிற்போம்.

காவடிப் படங்களுக்கு ஒரு வார்த்தை

தைப்பூசத்தன்று உச்சி வெயிலில் எடுத்த படங்களில், காவடியின் மயிலிறகு பளபளக்கும், தூக்குகிறவர் முகம் கறுத்துக் கிடக்கும். இதற்கு மொத்த வெளிச்சத்தைக் கூட்டினால் வானம் வெளுத்துப் போகும். ஷேடோஸ் என்று பல மென்பொருள்களில் ஒரு நகர்த்தி இருக்கும், அதை மட்டும் ஏற்றுங்கள். கற்பூர ஆரத்திப் படம் ஒரேயடியாக மஞ்சளாக வரும். வைட் பேலன்ஸைக் கொஞ்சம் நீலப் பக்கம் தள்ளலாம், முழுதாகத் தள்ளினால் தீபமே குழல்விளக்காகிவிடும்.

தானியங்கி அழகூட்டும் வடிகட்டிகளில் பல நம் ஆட்களின் தோலை வெளுப்பாக்குகின்றன. நிழல் போக வேண்டும், நிறம் போகக்கூடாது. திருத்தி முடித்த பிறகு, படத்தில் இருப்பவரை நேரில் பார்த்த நினைவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளுத்திருந்தால் ஒரு படி பின்னே வாருங்கள்.

சேமிப்பும் பெயரும்

கிம்ப் தானாகச் சேமிக்காது. லோட்ஷெடிங் முன்பு போல இல்லாவிட்டாலும் மின்சாரம் போவது நின்றுவிடவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கன்ட்ரோல், எஸ். மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று இருந்தால் நல்லது. சேமித்தால் எக்ஸ்.சி.எஃப் என்ற வடிவில் லேயர்களோடு இருக்கும். அச்சுக்கும் வாட்ஸ்அப்புக்கும் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்து ஜேபெக் எடுங்கள், தரம் 90 போதும். 6க்கு 4 அங்குல அச்சுக்கு 1800க்கு 1200 புள்ளிகள் இருந்தால் தெளிவாக வரும், ஏ4 அளவுக்கு 3508க்கு 2480.

ஒவ்வொரு படத்துக்கும் மூன்று கோப்புகள் வையுங்கள்: தொடாத டிஃப், வேலை நடந்த எக்ஸ்.சி.எஃப், கொடுக்கிற ஜேபெக். மூன்றையும் கணினியில் ஒரு நகல், வெளி டிஸ்க்கில் ஒரு நகல். அந்த டிஸ்க்கை அண்ணன் வீட்டிலோ மகள் வீட்டிலோ வையுங்கள், உங்கள் வீட்டில் வேண்டாம். கூகுள் ஃபோட்டோஸில் இலவசமாக 15 ஜிபிதான், அதுவும் மின்னஞ்சலோடு பங்கு. ஜேபெக்குக்குப் போதும், டிஃப்புக்குக் காணாது.

படங்கள் நூறைத் தாண்டியதும் டிஜிகாம் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். படத்தின் தலைப்பிலும் குறிப்பிலும் தமிழிலேயே எழுதலாம், அந்த எழுத்தைக் கோப்புக்குள்ளேயே பதித்து வைக்கும். வீட்டில் மூத்தவரை ஒரு சனிக்கிழமை மதியம் பக்கத்தில் உட்காரவைத்து, தேநீர் போட்டுக் கொடுத்து, ஒவ்வொரு படமாகத் திறந்து இது யார், எந்த வீடு, யாருடைய கல்யாணம் என்று கேட்டுத் தட்டுங்கள். இடமிருந்து வலமாக, நிற்பவர், உட்கார்ந்திருப்பவர் என்று எழுதுங்கள். பெயர் நினைவு வராவிட்டால் உறவுமுறையை எழுதுங்கள், "டொங்காட் சின்னத்தாத்தாவின் இரண்டாவது மகள்" என்றால்கூடப் போதும், பின்னால் இன்னொருவர் பார்த்துப் பெயர் சொல்லிவிடுவார்.